நியூசிலாந்து போகும் வழியில் எங்கே தங்கலாம்?

வணக்கம். டிசம்பரில் சென்னையிலிருந்து ஆக்லாந்து போகிறோம். கூடவே நாலு வயது மகளும் முழங்கால் வலியுள்ள அம்மாவும். சிங்கப்பூர் வரை சமாளித்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் பத்து மணி நேரப் பயணம்தான் கவலை. ஏழரை மணி நேர வித்தியாசம் வேறு; மகள் நள்ளிரவில் எழுந்து விளையாடக் கூப்பிடுவாள்.

அதனால் போகும்போது சிங்கப்பூரிலும், திரும்பும்போது சிட்னியிலும் தங்க யோசனை. நியூசிலாந்து விசா வைத்திருக்கும் இந்தியர்கள், அடுத்த விமான டிக்கெட் உறுதியாக இருந்தால், சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்க வழி உண்டு. குடும்பத்தோடு அப்படிப் போனவர்கள் இருக்கிறீர்களா? குடிநுழைவில் என்னென்ன கேட்டார்கள்? சிட்னியில் இறங்க எல்லோருக்கும் ஆஸ்திரேலிய விசா எடுக்கவேண்டும். அந்தச் செலவு தகுமா?

அப்புறம், சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் லிஃப்ட் உள்ள ஓட்டல் தெரிந்தால் சொல்லுங்கள். ஒரே மூச்சில் போகும் மலிவு டிக்கெட் மட்டும் வேண்டாம், அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்.