திங்கட்கிழமை மட்டும் காலியம்-68 லேபிளிங் ஏன் சறுக்குகிறது?

கேள்வி:
பெட் ஸ்கேனுக்காக, ஜெர்மேனியம்-68 சிதைந்து கதிரியக்கக் காலியம்-68 தரும் ஜெனரேட்டரில் எடுத்த காலியத்தை டோட்டாடேட்டுடன் (உலோகத்தைப் பிடிக்கும் 'டோட்டா' கூண்டு கொண்ட பெப்டைடு) சேர்க்கிறோம். பிஎச் 4, 95 டிகிரி, 10 நிமிடம். செவ்வாய் முதல் வெள்ளி வரை லேபிளிங் (பெப்டைடில் சேர்ந்த காலியத்தின் பங்கு) 95 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. திங்கள் காலை முதல் பேட்ச் மட்டும் 80-ஐ ஒட்டியே நிற்கிறது. பெப்டைடு, பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), ஹீட்டர் எதிலும் மாற்றமில்லை. ஜெனரேட்டருக்கு வயதாகிவிட்டதா?

பதில் 1:
வயது காரணமில்லை, துத்தநாகம்தான். காலியம்-68 சிதைந்தால் நிலையான துத்தநாகம்-68 ஆகும். எலூட் செய்யாமல் (ஜெனரேட்டரை அமிலத்தால் கழுவி எடுக்காமல்) விட்டால் காலியம் பத்து மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு அப்படியே நிற்கும். துத்தநாகமோ ஏறிக்கொண்டே போகும். டோட்டா கூண்டில் காலியத்துக்கு முன்பே அது இடம் பிடித்துவிடுகிறது.

திங்கள் அதிகாலை ஒரு முழு எலூஷன் எடுத்து ஒதுக்குங்கள். காலியத்தின் அரை ஆயுள் 68 நிமிடம் என்பதால் 2 மணி நேரத்தில் சுமார் 70 சதவீதமும், 4 மணி நேரத்தில் 91 சதவீதமும் திரும்பிவிடும். ஒதுக்கியதைக் கொட்டிவிடாதீர்கள். காலியம் சிதைந்து தீர 48 மணி நேரம் வைத்து, கூடவே வந்த ஜெர்மேனியம் கசிவை அளந்து பாருங்கள், வரம்பு 0.001 சதவீதம். நீண்ட ஓய்வுக்குப் பின் வரும் முதல் எலூஷனில்தான் கசிவு அதிகம் தெரியும்.

பதில் 2:
துத்தநாகம் என்று முடிவுகட்டுமுன் இரண்டு ஐடிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) பட்டைகள் ஓட்டிப் பாருங்கள். சிட்ரேட்டில் மேலே ஓடுவது சேராத காலியம். அமோனியம் அசிட்டேட்-மெத்தனால் கலவையில் அடியிலேயே தங்குவது கொலாய்டு (கரையாமல் நுண்துகளாகிவிட்ட காலியம்). முதலாவது கூடியிருந்தால் துத்தநாகமோ இரும்போ போட்டியிடுகிறது. உலோக ஊசி அமிலத்தில் பட்டாலே இரும்பு வந்துவிடும். இரண்டாவது கூடியிருந்தால் பிஎச் ஏறிவிட்டது என்று பொருள். வார இறுதியில் திறந்துகிடந்த பஃபரையும் சந்தேகப்படுங்கள்.

கேட்டவர்:
இந்தத் தொல்லைக்கு ஃப்ளோரின்-18 அல்லது காப்பர்-64-க்கு மாறுவது நல்லதா?

பதில் 3:
ஆய்வுகள் அந்தப் பக்கம் நகர்வது உண்மைதான். அரை ஆயுள் ஃப்ளோரினுக்கு 110 நிமிடம், காப்பருக்கு 12.7 மணி நேரம், தொலைவுக்கும் அனுப்பலாம். படம் தரும் துகளான பாசிட்ரானின் உச்ச ஆற்றலும் காலியத்தின் 1.9 எம்இவி-க்கு எதிரே சுமார் 0.65 மட்டுமே, படம் கூர்மையாக வரும். ஆனால் காப்பர் சிதைவில் பாசிட்ரான் வெளிவருவது 18 சதவீதத்துக்கும் குறைவு. ஃப்ளோரினை அலுமினியத்துடன் இணைத்துப் பெப்டைடில் பூட்டும் அலுமினியம் ஃப்ளோரைடு வழியில் போனாலும் பிஎச் 4-ம் சூடும் உலோகச் சுத்தமும் வேண்டும். இந்த ஒழுங்கு படியாமல் மாறினால், தொல்லை வேறு பெயரில் கூடவே வரும்.