முதுகுப் பக்கம் நெஞ்சு நீர் எடுப்பது: சீனியர்கள் உதவ வேண்டும்

குழுவில் உள்ள சர்ஜன்கள் அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை மாணவன். நெஞ்சு நீர் எடுப்பது, அதாவது நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரை ஊசியால் எடுப்பது பற்றி ஹவுஸ் சர்ஜன்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன்.

"இரண்டு விலாக்களுக்கு இடையே குத்தும்போது, கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசி போகட்டும்" என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். மேல் விலாவின் அடிப்பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு என்று மேலிருந்து கீழாக ஓடுவதால் அது சரிதான். ஆனால் முதுகுத்தண்டுக்கு அருகே, விலா வளையும் கோணத்துக்கு உட்புறம், தமனி பள்ளத்துக்குள் ஒதுங்கியிருப்பதில்லை. விலா இடைவெளியின் நடுவிலேயே மறைப்பின்றிக் கிடக்கிறது. வயதானவர்களுக்கு அது வளைந்து நெளிந்தும் போகும். போதாததற்கு, கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கிளைத் தமனி வேறு. அடிபட்டால் ரத்தம் நெஞ்சுக்குள் சேரும், வெளியே தெரியாது. அதனால் இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதியவர்களுக்கு நடுமுதுகிலிருந்து எவ்வளவு தள்ளிக் குத்துகிறீர்கள்? முன்பே டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) தமனியைத் தேடிப் பார்ப்பீர்களா? எந்த ப்ரோப் (தோல்மேல் வைக்கும் ஸ்கேன் முனை) வசதி? நீரை வடிக்க நெஞ்சுக்குள் ட்யூப் போடுவதற்கு அக்குளுக்குக் கீழே உள்ள பாதுகாப்பு முக்கோணம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

அப்புறம், இந்தப் பகுதியின் டிசெக்ஷன் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.