சரிபார்ப்புப் புள்ளியா, சான்றுப்புள்ளியா?

அனைவருக்கும் வணக்கம்.

ட்ரோன் அளவைச் சொற்களில் ‘கிரவுண்ட் கண்ட்ரோல் பாயிண்ட்’டுக்குத் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்றும், ‘செக் பாயிண்ட்’டுக்குச் சரிபார்ப்புப் புள்ளி என்றும் நம் குழுவில் ஐயா முன்வைத்திருக்கிறார். கண்ட்ரோல் பாயிண்ட், ட்ரோன் படங்களைத் தரையோடு பொருத்த அளந்து கொடுக்கும் புள்ளி; செக் பாயிண்ட், வந்த முடிவு சரியா என்று பார்க்க அளந்து ஒதுக்கிவைக்கும் புள்ளி. முதல் சொல் நீளம், அவ்வளவுதான். இரண்டாம் சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. காரணம் களத்தில் இருக்கிறது.

காட்பாடி, அணைக்கட்டுப் பக்கத்து ஏரிகளில் வண்டல் எடுத்த கணக்குக்கு ட்ரோன் விடுகிறோம் என்று வையுங்கள். 1 அங்குல சென்சாரும் 8.8 மி.மீ. லென்ஸும் உள்ள 20 மெகாபிக்சல் கேமரா 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தின் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 2.7 செ.மீ. உடனே ‘துல்லியம் 2.7 செ.மீ.’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது படத்தின் நுணுக்கம்; அளவு சரியா என்பது வேறு கேள்வி. எல்லாம் கூடிவந்தாலே உயரத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பிழை எதிர்பார்க்கலாம்.

கூடிவருவதுதான் அபூர்வம். கரைமேல் நடப்பது சுலபம், எனவே கண்ட்ரோல் பாயிண்டைக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளெல்லாம் கரையிலேயே வரிசையாக உட்கார்ந்துவிடும். ஏரி நடுவில் சேறும் சீமைக் கருவேல முள்ளும், யார் இறங்குவது? லென்ஸின் வளைவை மென்பொருள் தானே கணிப்பதில் சிறு பிசகு இருந்தாலும் நடுப்பகுதி மேடாகவோ குழியாகவோ வந்துவிடும். கரைப் புள்ளிகளில் பிழை 2 செ.மீ. என்று அறிக்கை அழகாகத்தான் இருக்கும். நடுவில் 10 செ.மீ. தப்பினால் ஒரு ஹெக்டேருக்கு 1,000 கன மீட்டர், லாரிக்காரர் கணக்கில் (யூனிட் என்றால் 100 கன அடி) 350 யூனிட்டுக்கு மேல்!

இதைப் பிடிக்கத்தான் நடுவிலும் சில புள்ளிகளை அளந்து, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கிறோம். அப்படி ஒன்று 12 செ.மீ. பிழை காட்டினால் என்ன செய்கிறார்கள்? அதையும் கண்ட்ரோலாக மாற்றி மறுபடி ஓட்டுகிறார்கள். பிழை மாயம். கேட்டால், ‘சரிபார்த்துச் சரிபண்ணிட்டோம் சார்’ என்று பதில். நீங்கள் முன்வைக்கும் சொல்லே அதற்கு இடம் கொடுக்கிறது, ஐயா.

ஆகவே சான்றுப்புள்ளி. சாட்சியையே கட்சிக்காரராகச் சேர்த்துக்கொண்டால் அவர் சொல் எடுபடுமா? (சோதனைப் புள்ளி என்றும் ஒருவர் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடிதான் கண்முன் வரும்.)

‘சான்று என்றால் சர்டிஃபிகேட் என்று நினைக்கமாட்டார்களா?’ என்ற தம்பியின் ஐயம் நியாயமானதே. தாலுகா ஆபீஸ் வாசலில் அந்தப் பொருள்தான் முந்தும். புள்ளி என்று சேர்ந்துவிட்டால் குழப்பம் இல்லை என்பது என் கருத்து.

சான்று என்ற சொல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஜிபிஎஸ் தரும் உயரம், பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட நீள்வட்டக்கோளத்திலிருந்து கணக்கிட்டது. வேலூர்ப் பகுதியில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக இருக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டுவிடும். பேஸ் (ஓரிடத்தில் நிலையாக வைக்கும் ஜிபிஎஸ் கருவி) நிறுத்திய கல்லின் உயரமே அரையடி தப்பு என்றால்தான் தொல்லை: அட்டைகளும் ஒதுக்கிய புள்ளிகளும் ஒரே பேஸிலிருந்து எடுத்தவை, ஒன்றையொன்று அழகாக ஒத்துப்போகும். அதைப் ‘பொய்ச்சான்று’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். உயரம் ஏற்கெனவே தெரிந்த வேறொரு கல்லிலிருந்து (பெஞ்ச்மார்க்) லெவல் கருவியால் உயரத்தை அளந்துகொண்டு வந்தால்தான் அது மெய்ச்சான்று.

கண்ட்ரோல் பாயிண்டுக்கு ஊன்றுபுள்ளி போதும். கல் ஊன்றுவது சர்வேயர்களுக்குப் புதிதல்ல. படத்தோடு படத்தை மென்பொருளே கோக்கும் ‘டை பாயிண்ட்’, இணைபுள்ளி. பிழைகளையெல்லாம் ஒரே எண்ணாகச் சொல்லும் ஆர்எம்எஸ்ஸை இப்போதைக்கு ஆர்எம்எஸ்ஸாகவே விட்டுவிடலாம். வர்க்கம், சராசரி, மூலம் என்று நீட்டினால் களத்தில் ஒருவர் வாயிலும் நுழையாது.

ஒற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊன்றுபுள்ளியும் இணைபுள்ளியும் ஊன்றுகோல் போல வினைத்தொகை, வலி மிகாது. சான்றுப்புள்ளியில் மிகும்.