24ஆம் தேதி பிக்னிக்: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

குட்டி: எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விடுமுறைக்கு ஒவ்வொரு வருஷமும் யார் வீட்டுப் பின்பக்கத்திலாவது பிரை போட்டு, அதாவது கம்பியில் கறி சுட்டுத் தின்றுவிட்டுத் தூங்குகிறோம். இந்த முறை வெளியே போய் ஒரு சரித்திரப் பிக்னிக் வைக்கலாம் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம், வசந்தமும் வந்துவிட்டது. தீம் 1860, நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்கு முதன்முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல். எல்லாரும் அந்தக் காலத்து உடுப்பில் வரவேண்டும், வந்தவுடன் அந்தக் கூலிகளுக்குக் கொடுத்த மாதிரி ஆளுக்கு ஒரு நம்பர் தகடு கழுத்தில் மாட்டிவிடுவேன். எப்படி?

ஜோபர்க் அண்ணன்: சூப்பர். பிரை உண்டுதானே?

டோங்காட் சித்தி: புரட்டாசி.

ஜோபர்க் அண்ணன்: ஐயோ.

டோங்காட் சித்தி: நீ ஐயோ என்றாலும் அதற்கு ஒரு வாரம் முன்னாடியே புரட்டாசி பிறந்துவிடும். 2005இலிருந்து அந்த நாளைப் பிரை நாள் என்று ஒரு கூட்டம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது, ஊரே கம்பியில் கறி சுட்டுக்கொண்டிருக்கும், நாம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தேதி வைப்பதற்கு முன் பெருமாளிடம் யாரும் கேட்கவில்லை.

அக்கா: சித்தி, வெளியே போகலாம் என்று சொன்னதற்குக் காரணமே அந்தப் புகைதான்.

பெரியத்தை: குட்டி, பிக்னிக் வை. நம்பர் தகடு வேண்டாம்.

குட்டி: ஏன் பாட்டி? நடந்ததுதானே?

பெரியத்தை: நடந்ததால்தான் வேண்டாம் என்கிறேன். என் தாத்தாவின் நம்பரை அப்பா ஒரு காகிதத்தில் எழுதி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்படிப்பட்ட காலம் அது. அந்த நம்பரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் கையோடு போட்டோ பிடிக்க நான் வரமாட்டேன்.

குட்டி: அப்படிச் சொன்னால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டி, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் நம் ஆட்கள் கடை வைக்க வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் அண்ணன் மகன் என்னிடம் கேட்டான், நாம் விமானத்தில் வந்தோமா என்று.

ஜோபர்க் அண்ணன்: அவனுக்கு ஆறு வயது, விடு.

பீனிக்ஸ் மாமா: ஆறு வயதுக்காரனுக்கும் சொல்லலாம். ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் வந்து சேர்ந்தது, 342 பேர். அன்றிலிருந்து 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் வந்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு நம் சென்னைப் பக்கத்து ஆட்கள். சம்பளம் முதல் வருஷம் மாதத்துக்கு 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், ஐந்து வருஷம் ஒப்பந்தம். கணக்கில் பிடிக்காதவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

நான்: மாமா, கப்பல் பட்டியலில் நம் பெயர் இருக்கும் பக்கத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறதா?

பீனிக்ஸ் மாமா: இருக்கிறது. நம்பர், பேர், அப்பா பேர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதியிருப்பான். நம் ஆளுக்கு இடது முழங்காலில் தழும்பு.

குட்டி: அப்படியானால் தகட்டுக்குப் பதில் அந்தப் பக்கத்தை வாசிக்கலாமா? சாப்பாட்டுக்கு முன்னால், பிள்ளைகளே ஆளுக்கு ஒரு வரி.

பெரியத்தை: வாசி. நின்றுகொண்டு வாசி. அது சரி.

அக்கா: தகடு போயிற்று, உடுப்பு? 1860 என்றால் ஆண்களுக்கு வேட்டி, தலைப்பாகை, பெண்களுக்கு ஒரு முரட்டுப் புடவை. நான்கு வீட்டில் ஒரு வேட்டி தேறாது. வாடகைக்கு எடுத்தால் நாடகக் கம்பெனி மாதிரி ஆகிவிடும்.

குட்டி: அப்ப 1913? தில்லையாடி வள்ளியம்மை. வெள்ளைப் புடவை எல்லா வீட்டிலும் இருக்கும்.

ஜோபர்க் அண்ணன்: வள்ளியம்மை எங்கள் ஊர்ப் பிள்ளை, சும்மா சொல்லவில்லை, 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய நம் ஆட்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்துப் போய், மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல், அங்கேயே காய்ச்சல், வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி போய்விட்டாள். பதினாறு வயது. அந்த வருஷமே வரி எடுபட்டது.

நான்: அதைச் சொல்ல ஒரு நாள் வேண்டும், கூட்டம் போட்டு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் செத்த பிள்ளையின் வேஷத்தில் புல்லில் உட்கார்ந்து வடை தின்பது எனக்கு ஒப்பவில்லை. பெரியத்தை, நீங்கள் பராக்ஸில் இருந்த காலத்தில் எப்படிப் பிக்னிக் போவீர்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமையையே தீமாக வைத்தால் என்ன? ஐம்பதுகள். உடுப்பு எல்லார் பீரோவிலும் இருக்கும், இல்லாவிட்டால் போட்டோவைப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

அக்கா: இதுதான் வேண்டியது.

பெரியத்தை: மெகஸின் பராக்ஸ் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு என்ன தெரியும். சோம்சியூ ரோடு பக்கம், டர்பன் கார்ப்பரேஷனில் வேலை செய்த நம் ஆட்களுக்கு ஒதுக்கிய வீடுகள். தெரு கூட்டுவது, குப்பை அள்ளுவது, ரோடு போடுவது எல்லாம் நம் ஆண்கள்தான். ஒரு அறையில் எட்டுப் பேர், குழாய் பொது, கக்கூஸ் பொது, சண்டையும் பொது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். வாரம் முழுக்கக் காக்கியில் இருந்த மனுஷன் கோட்டும் தொப்பியும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு நிற்பார், கார்ப்பரேஷன் மேயரே தோற்றுப்போவார். அம்மா முதல் நாள் ராத்திரியே சட்டியை ஏற்றிவிடுவாள். காலையில் பிரியாணிச் சட்டியைக் கம்பளியில் சுற்றி, டோல் என்கிற பருப்புக் குழம்பு ஒரு வாளி, தயிர், எனாமல் தட்டு, பிரைமஸ் ஸ்டவ், டீக்குக் கன்டென்ஸ்டு பால் டின், ஒரு கிராமபோன், எல்லாம் லாரியில் ஏறும். கடற்கரைக்குத்தான் போவோம். நமக்கென்று ஒரு துண்டு மணல், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று போர்டு. போர்டைத் தாண்டி அலை போகும், நாம் போக முடியாது. நான் தாண்டினேன் என்று அப்பா அடித்தார், போலீஸ் அடிப்பதற்கு முன்னால் தானே அடித்துவிட வேண்டும் என்று.

ஜோபர்க் அண்ணன்: டர்பன் கடற்கரையில் அந்தப் போர்டை எடுத்ததே 1989இல்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெரியத்தை: ராத்திரி திரும்பினால் பராக்ஸில் கூத்து இருக்கும். தெருக்கூத்து, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். விடியும் வரை. அறுபதுகளில் எல்லாரையும் கிளப்பி ஊருக்கு வெளியே சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள், எனக்குப் பதினாறு வயது. வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்தது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியவில்லை.

குட்டி: பாட்டி, அன்றைக்கு நீங்கள் இதைப் பேச வேண்டும். நான் ரிக்கார்ட் பண்ணிக்கொள்கிறேன்.

பெரியத்தை: பேசுகிறேன், மைக் வேண்டாம்.

நான்: சரி, தீம் முடிவு. பராக்ஸ் ஞாயிறு. அப்ப கடற்கரைக்கே போகலாமா?

அக்கா: செப்டம்பர் காற்றில் கடற்கரையா? சோற்றில் பாதி மணல் இருக்கும். டர்பன் பொட்டானிக் கார்டன்ஸ். நிழல், புல், சக்கர நாற்காலி போக வழி, கழிப்பறை. நெருப்பு மூட்ட முடியாது, அண்ணனின் தொல்லையும் இல்லை.

பீனிக்ஸ் மாமா: சரித்திரத்துக்கும் பொருத்தம். அந்தத் தோட்டத்தை 1849இல் ஆரம்பித்தது பூவுக்காக இல்லை, இந்தக் காலனியில் எந்தப் பயிர் பிழைக்கும் என்று போட்டுப் பார்க்க. கரும்பும் அதில் ஒன்று. கரும்பு பிழைத்தது, ஆள் போதவில்லை, நம்மைக் கூப்பிட்டார்கள். பட்டியல் வாசிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இன்னொன்று, பனை மாதிரி இருக்கும் வுட்ஸ் சைகாட் மரம் அங்கே இருக்கிறது, தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜான் மெட்லி வுட் 1895இல் ஓங்கோயே காட்டில் கண்டது. உலகம் முழுக்க உள்ளதெல்லாம் அந்த ஒரே ஆண் செடியின் கிளைகள், பெண் செடி இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

டோங்காட் சித்தி: நம் வீட்டிலும் முப்பத்தாறு வயதில் ஒருவன் அப்படித்தான் நிற்கிறான்.

ஜோபர்க் அண்ணன்: சித்தி, தம்பியும் இந்தக் குழுவில் இருக்கிறான்.

தம்பி: படித்துவிட்டேன்.

அக்கா: சாப்பாட்டுக்கு வாருங்கள். வெஜிடபிள் பிரியாணி, டோல், தயிரில் கேரட் போட்டது, இது நான். மீலி ரைஸ் கொஞ்சம் தனியாகச் செய்கிறேன், அரிசிக்குப் பதில் மக்காச்சோளத்தை அளந்து போட்ட காலத்தைப் பிள்ளைகள் நாக்கால் தெரிந்துகொள்ளட்டும்.

டோங்காட் சித்தி: பூரியும் பத்தாவும் என் பொறுப்பு. பத்தாவுக்கு மடும்பி இலை, அதாவது சேப்பங்கிழங்கு இலை, பின்கட்டில் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சுருட்டிக் கட்டி ஆவியில் வைக்க இரண்டு கை வேண்டும், முதல் நாள் குட்டி இங்கே வந்து படுத்துக்கொள்ள வேண்டும்.

ஜோபர்க் அண்ணன்: நான் சோயா சாசேஜ் கொண்டு வருகிறேன்.

பெரியத்தை: ஐம்பதுகளில் ஏது சோயா சாசேஜ்? நீ ஐஸ் கொண்டு வா.

குட்டி: பிளாஸ்டிக் டப்பா, காகிதத் தட்டு ஒன்றும் கூடாது. எனாமல் தட்டு எத்தனை வீட்டில் இருக்கிறது?

நான்: என்னிடம் நாலு, ஓரம் உதிர்ந்தது.

டோங்காட் சித்தி: பதினொன்று. ஆனால் திரும்பி வரும்போதும் பதினொன்று இருக்க வேண்டும்.

பீனிக்ஸ் மாமா: பெரியவர்களுக்குத் துனி என்கிற நம் ஊர்ச் சீட்டாட்டம். பிள்ளைகளுக்கு கோலியும் பம்பரமும் நான் வாங்கிவிட்டேன். ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11 என்று எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள், நடுவில் விளக்கம் சொல்ல முடியாது. போன தடவை ஒருவர் ஏஸ்தான் பெரிது என்று சண்டைக்கு வந்தார், பேர் சொல்லவில்லை.

தம்பி: போன் பைக்குள் இருக்க வேண்டுமா?

குட்டி: வாசிப்பு முடியும் வரை. அப்புறம் போட்டோ எடுக்கலாம். சாப்பாட்டை மூடியே வையுங்கள், ஹடீடா பறவை வந்து நின்றால் கூச்சலுக்குப் பிள்ளைகள் தட்டை விட்டுவிட்டு ஓடும்.

நான்: காலை 9 மணிக்கு வாசல். மழை வந்தால் பெரியத்தை வீட்டுக் கராஜ், அதுவும் இல்லாவிட்டால் கோயில் ஹால், கேட்டு வைத்திருக்கிறேன். பூ வேண்டும் பெண்கள் நாளைக்குள் சொல்லவும், கட்டித் தருகிறேன்.

ஜோபர்க் அண்ணன்: கோட் இருக்கிறது, கல்யாணத்துக்குத் தைத்தது, பட்டன் மாட்டாது. தொப்பி எங்கே வாங்குவது?

பீனிக்ஸ் மாமா: வாங்காதே. எங்கள் அப்பாவுடையது இரண்டு இருக்கிறது. தலையை நாடாவால் அளந்து எனக்கு அனுப்பு.

ஜோபர்க் அண்ணன்: 60 சென்டிமீட்டர்.

பீனிக்ஸ் மாமா: அப்ப பழுப்பு நிறம். அதில் ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கிறது, அந்தப் பக்கம் காமிராவுக்குக் காட்டாதே.