2 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.வில் எம்6ஏ வரைபடம்: பாலி-ஏ பிரிக்கலாமா?

நரம்பிழை:
சுண்டெலி மூளையில் டென்டேட் ஜைரஸை (ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதி) மட்டும் பஞ்ச் செய்து எடுக்கிறோம். எலிக்கு மொத்த ஆர்.என்.ஏ. 2 மைக்ரோகிராம் தேறினாலே பெரிது, ஆர்.ஐ.என். (ஆர்.என்.ஏ. சிதையாமல் இருப்பதற்கான மதிப்பெண்) 8-க்கு மேல். எம்6ஏ (ஆர்.என்.ஏ.வின் 'ஏ' எழுத்தில் ஒட்டும் மெதில் குறி) எங்கெங்கே இருக்கிறது என்று ஆன்டிபாடி முறையில் பார்க்க எண்ணம். ஆனால் 2012-இல் வந்த முதல் நெறிமுறைகள் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் கேட்கின்றன. ஒவ்வொரு எலியும் தனி ரெப்ளிகேட்டாக நிற்க வேண்டும் என்பதால் மாதிரிகளைச் சேர்க்க முடியாது. பாலி-ஏ வால் உள்ள எம்.ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்துவிட்டு ஐ.பி. (ஆன்டிபாடியால் பிடித்தெடுத்தல்) போகலாமா?

பிப்பெட்முனை:
வேண்டாம். மொத்தத்தில் எம்.ஆர்.என்.ஏ. 1 முதல் 5 சதவீதம்தான். அப்படியானால் உங்களிடம் இருப்பது 20–100 நானோகிராம்; அதிலும் ஒரு பங்கு, பிரிக்கும் பீட்ஸோடு (நுண்மணிகள்) போய்விடும். மொத்த ஆர்.என்.ஏ.வையே துண்டாக்கி ஐ.பி. செய்யுங்கள். ரைபோசோம் வரிசைகளைச் சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) ஆன பிறகு வெட்டி நீக்கும் பிக்கோ வகை லைப்ரரி (வரிசையறிய ஆயத்தமாக்கிய தொகுப்பு) கிட்டுகள் 250 பிக்கோகிராமிலிருந்தே வேலை செய்யும்.

துண்டாக்க: டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் படி முடித்தபின் 10 மில்லிமோலார் துத்தநாக குளோரைடு, 10 மில்லிமோலார் டிரிஸ், 94 டிகிரி, 5 நிமிடம். நேரம் முடிந்த கணமே, வினையை நிறுத்த, ஈ.டி.டி.ஏ. 50 மில்லிமோலார் ஆகும்படி சேர்த்துப் பனியில் வையுங்கள். எல்லாக் குழாயிலும் கொள்ளளவு ஒன்றாக இருக்கட்டும். 18 மைக்ரோலிட்டரும் 50 மைக்ரோலிட்டரும் ஒரே வேகத்தில் சூடேறாது, துண்டின் நீளம் மாறிப்போகும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த படியில். வழக்கமான சிலிக்கா வடிகுழாய் (column) 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்ததைப் பிடிக்காது. 100 அளவுத் துண்டுகள் கழுவலோடு சாக்கடைக்குப் போகும். எத்தனால் கூட்டும் சிறு ஆர்.என்.ஏ. முறையோ, கிளைக்கோஜன் போட்ட எத்தனால் வீழ்படிவோதான் சரி. துணைக்கு ஈஸ்ட் டி.ஆர்.என்.ஏ. போடாதீர்கள், அதுவும் லைப்ரரிக்குள் வந்து உட்காரும்.

50 நானோகிராமை இன்புட்டாக (ஐ.பி. செய்யாத ஒப்பீட்டு மாதிரி) எடுத்து வைத்துவிட்டு மீதியை ஐ.பி.க்கு விடுங்கள். கழுவலில் 50 மில்லிமோலார் உப்பு ஒருமுறை, 500 மில்லிமோலார் ஒருமுறை. ஆன்டிபாடியை அள்ளிப் போட்டால் பின்னணிதான் ஏறும். எம்6ஏ உள்ள காசியா லூசிஃபெரேஸ், இல்லாத சைப்ரிடினா லூசிஃபெரேஸ் இரண்டையும் ஸ்பைக்-இன்னாக (வெளியிலிருந்து சேர்க்கும் கட்டுப்பாட்டு ஆர்.என்.ஏ.) கலந்து, கியூ.பி.சி.ஆரில் விகிதம் பார்த்து ஆன்டிபாடி அளவைத் தீர்மானியுங்கள்.

நரம்பிழை:
நன்றி. ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஆன்டிபாடியை அடைத்துக்கொள்ளாதா?

மூன்றாம்முனை:
கொஞ்சம் அடைக்கும். ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களான 18எஸ்-இலும் 28எஸ்-இலும் தலா ஒரு எம்6ஏ உண்டு (மனித எண்ணில் 1832, 4220). ஆனால் அதுவே இலவசக் கட்டுப்பாடு: நீக்கியது போக மிஞ்சும் ரீடுகளில் (வரிசையறிந்த துண்டுகள்) அந்த இரு இடங்களும் மேடாக எழவில்லையென்றால் ஐ.பி. ஓடவில்லை.

5' முனைப் பீக்குகளை (ரீடுகள் குவியும் மேடுகள்) நம்பி எழுதாதீர்கள். எம்.ஆர்.என்.ஏ.வின் தொடக்கத் தொப்பியான கேப் பக்கத்து எம்6ஏஎம்-ஐயும் (எம்6ஏ போன்ற வேறொரு குறி) இதே ஆன்டிபாடி பிடிக்கும். ஸ்டாப் கோடான் அருகே குவியலும், டிராக் மோட்டிஃபும் (எம்6ஏ அமரும் DRACH வரிசை) தெரிந்தால் தரவு உருப்படி. யு.எம்.ஐ. (ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாள வரிசை) கட்டாயம், இவ்வளவு குறைந்த அளவில் நகல் ரீடுகள் எக்கச்சக்கமாக வரும். என் பார்வையில் இந்தத் தரவு 'இருக்கிறதா' என்பதற்குப் பதில் சொல்லும். எத்தனை சதவீதம், எவ்வளவு கூடியது என்பதற்கு இதை இழுக்காதீர்கள்.

பிப்பெட்முனை:
எலிக்கு 100 நானோகிராம்கூடத் தேறாவிட்டால் ஆன்டிபாடி இல்லாத டார்ட்-சீக் (DART-seq) முறைப் பக்கம் போகலாம். ஏபோபெக்1-ஒய்.டி.எச். புரதத்தை ('சி'யைத் திருத்தும் நொதியோடு எம்6ஏவைப் பிடிக்கும் பகுதி இணைந்தது)த் தூய்மையாக்கி, பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வோடு குழாயிலேயே வினைபுரிய விட்டால் எம்6ஏவை ஒட்டிய 'சி', 'யு' ஆகும். 50 நானோகிராம் மொத்த ஆர்.என்.ஏ. போதும். எம்6ஏவைப் பிடிக்காத ஒய்.டி.எச். மியூட்டன்ட்டையும் கூடவே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஏபோபெக்கின் தன்னிச்சைத் திருத்தங்களைக் கழிக்க வழியில்லை.