தலையில் அடிபட்ட தம்பிக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கும்பகோணத்து அக்கா:
தம்பிக்கு 27 வயசு. பைக்ல விழுந்து நெத்திப் பக்கம் மூளையில அடி, 19 நாள் ஐசியு. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நடக்கிறான், சாப்பிடுறான். ஆனா குக்கர் விசில் அடிச்சா தட்டைத் தூக்கி எறியறான். நேத்து அம்மா மேலயே கை ஓங்கிட்டான். எறும்பைக்கூட மிதிக்காத பிள்ளை. "இவன் என் மகனே இல்லடி"ன்னு அம்மா அழுறாங்க.

மதுரைக்காரி:
என் வீட்டுக்காரருக்கும் இதே கதைதான் அக்கா. கோபத்தை அடக்குறது மூளையோட முன்பகுதி, அடி பட்டதே அங்கதான். வேணும்னு செய்யல. சத்தம், கூட்டம், வெளிச்சம் எதுவும் தாங்காது. நாங்க குக்கரை எடுத்து பரண்ல வெச்சிட்டு பானையில வடிச்சோம். பார்க்க வர்றவங்க ஒருத்தர் ஒருத்தரா, பத்து நிமிஷம்தான். மதியம் கட்டாயத் தூக்கம்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வலிப்பு வராம இருக்க தம்பிக்கு என்ன மாத்திரை குடுக்குறீங்கம்மா? லெவெடிராசெட்டம்னு ஒரு வலிப்பு மாத்திரை, சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். நீங்களா நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்துடும். டாக்டர்கிட்ட சொல்லுங்க. தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம் இருந்தா உடனே ஓடுங்க.

கும்பகோணத்து அக்கா:
அதே மாத்திரைதான் சிஸ்டர்! நாளைக்கே போறோம். இன்னிக்கு வடிச்ச சோறு. சாப்பிட்டுட்டு அம்மா தட்டையும் அவனே எடுத்துக் கழுவி வெச்சான்.