‘ஒளவையார்’ எழுத்துப்பிழையா, இல்லையா?

நெடுங்கணக்கு:

இணையத்தில் எழுதுவோரின் பிழைகளைப் பற்றி விரல்நுனி வெளியிட்ட குறிப்பைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ‘ஔ’ என்னும் ஒற்றை உயிரெழுத்தைத் தட்டினாலும், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் திரையில் ஒன்றுபோலவே தெரிவதால், ‘ஒளவையார்’ என்று எழுதுவது பிழையே அன்று என்றும், அதன் கீழே சிவப்புக் கோடு இழுக்கும் பிழைதிருத்திதான் திருந்த வேண்டும் என்றும் அவர் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். ‘ஒள’ என்பது இரண்டு எழுத்து. ‘ஒளி’ என்ற சொல் எந்த ஒகரத்தில் தொடங்குகிறதோ அதே ஒகரத்தில்தான் அதுவும் தொடங்குகிறது. அகர வரிசையில் அடுக்கினால் ‘ஔவையார்’ ஓகாரச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், உயிரெழுத்துகளின் கடைசியில் நிற்பார். ‘ஒளவையார்’ ‘ஒளி’க்குப் பக்கத்தில் போய் நிற்பார். உயிர் பன்னிரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு இரண்டு எழுத்துகளை வைத்துவிட்டு, பிழை இல்லை என்று சொல்வதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

விரல்நுனி:

என் குறிப்பில் நான்கு பத்திகள் இருந்தன. மூன்றைத் தாண்டிக் குதித்து ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்; அதுவே உங்கள் வழக்கம் என்பதால் வியப்பில்லை. தமிழ்த் தட்டச்சுப்பொறியில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. ஒகரத்தை அடித்து, அடுத்து ளகரத்தை அடித்தார்கள். அலுவலகக் கோப்புகளும் மனுக்களும் சான்றிதழ்களும் அப்படித்தான் அடிக்கப்பட்டன. அவற்றைப் படித்தவர்கள் ‘ஔவையார்’ என்றுதான் படித்தார்கள்; ஒரு தமிழாசிரியரும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தவில்லை. தாளில் பிழையாக இல்லாதது திரைக்கு வந்ததும் எப்படிப் பிழையாகும்? எழுத்து என்பது மனிதர் கண்ணால் படிப்பதற்கு. கணினி உள்ளுக்குள் எந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறது என்பது கணினியின் கவலை.

நெடுங்கணக்கு:

தட்டச்சுப்பொறியில் விசை இல்லை. ஆகவே அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு என்ன குறை? கணினியில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரப்பாடு யூனிக்கோடு; 1991 இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஔகாரத்துக்கும் அதில் தனி இடம் உண்டு. 1999 இல் வந்த தமிழ் 99 விசைப்பலகையில் ஔகாரத்துக்கென்றே ஒரு விசை இருக்கிறது. இத்தனையும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது, இல்லாத காலத்தின் குறையை இன்றைய உரிமையாகக் கொண்டாடுகிறீர்கள்.

‘கண்ணுக்கு ஒன்றுதான்’ என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் எண்களில் ஏழைக் குறிக்கும் ‘௭’ பார்ப்பதற்கு எகரம் போலவே இருக்கும். எட்டைக் குறிக்கும் ‘௮’ அகரம் போலவே இருக்கும். நான் ‘என்ன’ என்ற சொல்லின் முதலில் எண் ஏழைப் போட்டு ‘௭ன்ன’ என்றும், ‘அவன்’ என்பதை எண் எட்டால் தொடங்கி ‘௮வன்’ என்றும் எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? கண்ணுக்கு ஒன்றுதானே?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகத்தான் இணையத்தில் படிக்கிறார்கள். அந்த மென்பொருளுக்குக் கண் கிடையாது. கிடைத்த எழுத்தை ஒலிக்கும். சில நாட்களுக்கு முன் ஒரு கட்டுரையை அப்படி ஒலிக்கவிட்டுக் கேட்டேன். ‘கெளரவம்’ என்று ககர எகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்த இடமெல்லாம் ‘கெ-ள-ர-வம்’ என்று தடுக்கி விழுந்தது. அந்த வாசகருக்கு நீங்கள் ‘கணினியின் கவலை’ என்று பதில் சொல்வீர்களா?

ஏட்டுச்சுவடி:

நெடுங்கணக்கு தம் பெயருக்கேற்ப நீட்டுகிறார். ஆனால் வரலாற்றைத் தொடவில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை, ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. ரகரத்துக்கும் நெடிலின் துணைக்காலுக்கும் ஒரே கோடுதான். இன்றைய பிழைதிருத்தியிடம் ஒரு சுவடியைக் கொடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிவப்பாகிவிடும். அப்படி எழுதியவர்கள் தமிழ் அறியாதவர்களா? படிப்பவருக்கு மொழி தெரிந்திருந்தால், இடம் நோக்கிப் படித்துக்கொள்வார். விரல்நுனி சொல்வது அந்த மரபைத்தான்.

நெடுங்கணக்கு:

சுவடியைச் சொன்னீர்களே, நன்றி. அது என் பக்கத்துச் சான்று. புள்ளியும் இல்லாமல், குறில் நெடில் வேறுபாடும் இல்லாமல், ரகரமா துணைக்காலா என்றும் தெரியாமல் எழுதி வைத்ததனால்தான் உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே பாடலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, எது சரியான பாடம் என்று காண வாழ்நாளையே கொடுக்க வேண்டியிருந்தது. எகர ஏகார, ஒகர ஓகார மயக்கத்தைத் தீர்க்கத்தான் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வடிவத்தைத் திருத்தினார். மயக்கத்திலிருந்து மீண்டு வந்த எழுத்தை மறுபடி மயக்கத்துக்குள் தள்ளுவதற்கு மரபு என்று பெயர் சூட்ட வேண்டாம்.

‘ஒளவையார்’ பிழையா, இல்லையா என்பதற்கு நீங்களும் பதில் சொல்லவில்லை, விரல்நுனியும் சொல்லவில்லை.

விரல்நுனி:

சொல்லிவிட்டேன். பிழை இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அதுவே பதில். ‘௭ன்ன’ என்று உலகத்தில் யாரும் எழுதுவதில்லை. அதை நீங்கள் இங்கேயே உட்கார்ந்து செய்தீர்கள். ‘ஒளவையார்’ என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், எத்தனையோ பேர் தடையில்லாமல் படிக்கிறார்கள்.

நிற்க. ‘சில நாட்களுக்கு முன்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ‘நாள்’ என்பதன் பன்மை ‘நாள்கள்’. ‘நாட்கள்’ என்றால் நாள்பட்ட கள் என்று பொருள் கொள்ள இடமுண்டு என்று இலக்கணம் கற்பிப்பவர்கள் சொல்லாத வகுப்பில்லை. பிறர் எழுத்தில் குறை தேடுபவர் தம் வரியை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம்.

நெடுங்கணக்கு:

‘நாட்கள்’ பிழை அன்று. வல்லினம் வரும்போது நிலைமொழி ஈற்று ளகரம் டகரமாவது புணர்ச்சி விதி. ‘முட்செடி’ என்கிறோம், ‘நாட்குறிப்பு’ என்கிறோம். ‘நாட்கள்’ என்பது நீண்ட காலமாக அச்சிலும் பேச்சிலும் வேரூன்றிய வழக்கு. படிக்கும் எவரும் கள்ளை நினைப்பதில்லை. இதை இங்கே இழுத்தது பேச்சைத் திருப்புவதற்காக.

விரல்நுனி:

‘நீண்ட காலமாக வேரூன்றிய வழக்கு’, ‘படிக்கும் எவரும் வேறாக நினைப்பதில்லை’ என்ற இரண்டும் நான் ‘ஒளவையார்’ குறித்துச் சொன்ன காரணங்கள். உங்கள் சொல்லுக்கு வந்தால் வழக்கு. என் சொல்லுக்கு வந்தால் குற்றம். ‘நாட்குறிப்பு’ தொகைச்சொல், ‘கள்’ பன்மை விகுதி, இரண்டையும் ஒரே விதியில் கட்டுவது எந்த இலக்கணம்? ‘வாழ்த்துக்கள்’ பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரு விதியை எறிந்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாதியில் போனீர்கள். நான் மறக்கவில்லை.

மெய்ப்பு:

நான் மெய்ப்புத் திருத்துபவள். இருவரும் கைவேலையை விட்டுவிட்டு வாய்வேலை செய்கிறீர்கள். ‘ஒள’ என்று தட்டியிருக்கும் இடத்தில் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ளகரம் மட்டும் போய் ஒகரம் தனியே நிற்கும். உண்மையான ‘ஔ’ என்றால் எழுத்து முழுவதும் ஒரே அழுத்தில் போய்விடும். தலைப்பில் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் ‘ஒ’ ஒரு பக்கமும் ‘ள’ ஒரு பக்கமும் பிரிந்து போவது எவர் கண்ணுக்கும் தெரியும். ஆகவே கண்ணுக்கு ஒன்றுதான் என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை.

ஆனால் என் வேலையில் மிகுதியாகக் கண் எரிவது இதனால் அன்று, ஒற்றினால். ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. ‘தந்த’ என்பதும் சரியான சொல், ‘தந்தப்’ என்பதும் சரியான சொல் என்பதால், சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கும் பிழைதிருத்தி இரண்டையும் விட்டுவிடும். சந்திக்கென்றே ‘நாவி’ போன்ற கருவிகள் இருக்கின்றன. அவற்றிலும் எழுதியவர் கருதிய பொருளை எழுதியவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிவப்புக் கோடு இல்லை என்றால் பிழை இல்லை என்று நம்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

நெடுங்கணக்கு:

அம்மா சொன்ன ஒற்றுப்பிழை பெரிய செய்தி. தனியே பேச வேண்டியது. ஆனால் பின்னழிப்பு விசைச் சான்றுக்கு நன்றி. இரண்டு முறை அழுத்தினால்தான் போகிறது என்றால் அது இரண்டு எழுத்து. விரல்நுனிக்கு இதற்கு மேல் என்ன காட்ட வேண்டும்?

மெய்ப்பு:

நான் சொன்னதில் உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

அவ்வழி:

‘அவ்வையார்’ என்று எழுதுங்கள், சண்டை தீர்ந்தது. ‘அகர உகரம் ஔகாரம் ஆகும்’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. அகரத்தோடு வகர ஒற்று நின்றாலும் அவ்வாறே ஒலிக்கும் என்று நன்னூலும் இடம் கொடுக்கிறது. பெரியார் 1935லேயே ‘குடிஅரசு’ இதழில் இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். ஔகாரமே இல்லாவிட்டால் அதைப் பிழையாக எழுதவும் முடியாது.

நெடுங்கணக்கு:

1978 இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ‘ணா’, ‘லை’ முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மட்டுமே மாற்றியது; ஐகாரத்தையும் ஔகாரத்தையும் நீக்க இசையவில்லை. தலைவலிக்குத் தலையை வெட்டும் மருத்துவம் எனக்கு வேண்டாம்.

விரல்நுனி:

அவ்வழி சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ஔகாரம் இருக்கட்டும். அதை எழுதும் வழியை ஒருவர்மீது ஒருவர் திணிக்க வேண்டாம் என்பதே என் பேச்சு.

சொற்பொறி:

இரு தரப்பும் ஒரு நுட்பத்தைத் தவறவிட்டது. யூனிக்கோட்டில் ஔகாரத்தின் பின்பகுதிக்கென்று, ளகரம் போலவே தோன்றும் தனிக்குறி ஒன்று உண்டு. ஒகரத்தோடு அந்தக் குறியைச் சேர்த்தால் அது ‘ஔ’வுக்குச் சமம் என்று தரப்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது, எல்லா மென்பொருளும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாம். ஒகரத்தோடு உண்மையான ளகரத்தைச் சேர்த்தால் அந்தச் சமன்பாடு கிடையாது.

அப்படியானால் கணினியே அவற்றை மாற்றிக்கொள்ளட்டும் என்று விரல்நுனி சொல்லக்கூடும். கண்மூடித்தனமாக மாற்றினால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: ‘வெளி’ என்ற சொல்லிலும் எகரக் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை ஔகாரமாக்கினால் வகர ஔகாரத்தின் பின்னால் ஓர் இகரக் கொக்கி பிடிப்பின்றித் தொங்கும். ‘தெளிவு’, ‘கெளுத்தி’, ‘வெள்ளம்’ எல்லாவற்றுக்கும் அதே கதி. ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். தமிழ்ச் சொல் விகுதிமேல் விகுதியாக நீள்வது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பதைப் பட்டியல் போட்டு அகராதியில் அடைக்க முடியாது. அந்தச் சுமையோடு இதையும் பிழைதிருத்தி தூக்க வேண்டும். முதலில் எழுத்துப்பிழை என்று எதைச் சொல்கிறோம், தட்டும் முறையையா, தோற்றத்தையா, சேமிப்பையா என்று வரையறுத்துக்கொண்டால் நல்லது.

விரல்நுனி:

பார்த்தீர்களா? ளகரத்துக்குப் பின்னால் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பொறியே மாற்றிவிடலாம் என்று அறிந்தவரே சொல்லிவிட்டார். பொறியால் தீர்க்கக்கூடியதை மனிதன் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

நெடுங்கணக்கு:

மாற்ற வேண்டும் என்றாலே மாற்றப்படுவது பிழை என்றுதான் பொருள். சரியாக இருப்பதை யாரும் மாற்றுவதில்லை. சொற்பொறி வரையறை கேட்கிறார். வரையறைக்கு இங்கே வேலையே இல்லை. ‘ஔ’ ஓரெழுத்து, ‘ஒள’ ஈரெழுத்து. ஓரெழுத்து வேண்டிய இடத்தில் ஈரெழுத்து வந்தால் அது எழுத்துப்பிழை. குழந்தைக்கு நெடுங்கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது ‘ஓ’வுக்கு அடுத்து ‘ஒ, ள’ என்றா சொல்லிக்கொடுப்பீர்கள்?

ஏட்டுச்சுவடி:

குழந்தை சிலேட்டில் எழுதும்போது முதலில் ஒகரத்தையும் பிறகு பக்கத்தில் ளகரத்தையும்தான் எழுதுகிறது. எந்த ஆசிரியரும் அதன் கையைத் தட்டுவதில்லை.

நெடுங்கணக்கு:

அது சிறிதாக எழுதும் ளகரம். பழைய அச்சிலும் அது சிறியதாகவே இருந்தது. வேறுபாட்டைக் காட்டத்தான் சிறிதாக எழுதினார்கள். எழுத்துரு செய்தவர்கள் பெரிதாக்கிவிட்டதனால் வந்த மயக்கத்தைத் தமிழின்மீது ஏற்ற வேண்டாம். விரல்நுனி ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடையளிக்கட்டும்: திரைவாசிப்பானில் ‘கெ-ள-ர-வம்’ என்று கேட்பவருக்கு அது பிழையா, இல்லையா?

விரல்நுனி:

‘நாள்கள்’ என்று திருத்தி எழுதிவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

நெடுங்கணக்கு:

‘நாட்கள்’ சரி. அதைத் திருத்தப் போவதில்லை. கேள்வி ‘ஒளவையார்’ பற்றியது.